சிறகடிக்காத காவல்

கரும்பாறைகள் நிறைந்த ஒரு காட்டில், கோடை வந்துவிட்டால் குடிக்கத் தண்ணீர் உள்ள குட்டை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். அது சிறுத்தைக்கும் தெரியும், பிள்ளைகளே. அதனால் விலங்குகள் எல்லாம் கூடிப் பேசி, குட்டைக்கு இரண்டு காவலர்களை வைத்திருந்தன. தரையில் பரபரன் என்ற ஆள்காட்டிக் குருவி. வானத்தில் விண்ணன் என்ற பருந்து. காவல் இருப்பவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. முதல் வாய்த் தண்ணீர் அவர்களுக்குத்தான்.

பரபரன் காவல் காக்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டுமே! தவளை குதித்தால் கத்துவான். சருகு புரண்டால் கத்துவான். ஒரு நாளைக்கு நூறு தடவை குட்டையைச் சுற்றி ஓடுவான். முதலில் அவன் குரல் கேட்டதும் மான்கள் பாய்ந்து ஓடின. பிறகு காதை மட்டும் அசைத்தன. கடைசியில் அதுவும் இல்லை.

விண்ணனோ சிறகை விரித்தபடி வட்டமிடுவார், அவ்வளவுதான். அதைப் பார்க்கப் பார்க்கப் பரபரனுக்கு வயிறு எரிந்தது.

"பருந்தண்ணே, நான் இங்கே கால் தேய ஓடுகிறேன். நீங்கள் மேலே தூங்குகிறீர்களா?" என்று ஒருநாள் கேட்டே விட்டான்.

"வெயிலில் பாறை சுடுகிறது, தம்பி. சூடான காற்று மேலே எழும்பி என்னைத் தூக்கிக்கொள்கிறது. பிறகு நான் எதற்குச் சிறகடிக்க வேண்டும்? நான் எதையும் தேடுவதும் இல்லை. சும்மா விழித்திருக்கிறேன். அசைவது தானாகக் கண்ணில் படுகிறது."

"சும்மா இருப்பதற்குப் பெயர் காவலா?" என்று பரபரன் முகத்தைச் சுளித்தான். அதோடு விட்டானா? "அவர் சோம்பேறி, அவருக்கு எதற்கு முதல் தண்ணீர்?" என்று காடெல்லாம் சொல்லித் திரிந்தான். விலங்குகளும் தலையாட்டி, விண்ணனைக் காவலிலிருந்து நீக்கிவிட்டன. அவர் அப்போதும் வழக்கம்போல் வட்டமிட்டார்.

மறுநாள் உச்சிவெயிலில் அல்லி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு தண்ணீர் குடிக்க வந்தாள். குட்டி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து மேற்குக் கரையில் ஓர் உடும்பு தலையை நீட்டியது. பரபரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தொண்டை கிழியக் கத்தினான். கிழக்குக் கரைப் புதரில் சிறுத்தை பதுங்கி வந்ததை அவன் பார்க்கவே இல்லை.

அப்போது மான்குட்டியின் மேல் ஒரு நிழல் விழுந்தது. விண்ணன் தாழ இறங்கி, சத்தமில்லாமல் கடந்து போனார். குட்டி மிரண்டு ஓட, தாயும் பின்னாலேயே ஓடினாள். பாய்ந்த சிறுத்தை வெறும் தண்ணீரில் விழுந்தது.

பரபரன் திரும்பிப் பார்த்தபோது, சிறுத்தை நனைந்த உடம்போடு கரையேறிக்கொண்டிருந்தது. குட்டி நின்ற இடத்துக்கு மேலே, தாழ இறங்கியிருந்த விண்ணன் மறுபடி உயரே எழும்பிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழுமுன் அல்லி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "பரபரா, நீ கத்தியதைக் கேட்டுத்தான் என் பிள்ளை ஓடியிருக்கும். உன்னால்தான் பிழைத்தது, தம்பி. நீ முதலில் குடி" என்றாள்.

பரபரன் தண்ணீரில் அலகை வைத்தான். குடிக்காமலே அலகை எடுத்துவிட்டான். மேலே விண்ணன் வழக்கம்போல் மிதந்துகொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"அக்கா, நான் உடும்பைப் பார்த்துக் கத்தினேன். சிறுத்தையை நான் பார்க்கவே இல்லை. பார்த்துக் காப்பாற்றியவர் விண்ணன். அவரைச் சோம்பேறி என்று சொல்லித் துரத்தியவன் நான்" என்றான்.

அல்லி குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"இந்தக் கோடை முழுவதும் நீ உள்ளபடி பார்த்துச் சொன்னது இது ஒன்றுதான், தம்பி."

விலங்குகள் எல்லாம் அழைக்க, முதல் தண்ணீர் குடிக்க விண்ணன் கீழே இறங்கி வந்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பரபரன் குனிந்த தலை நிமிரவே இல்லை.

நீதி: பதறி ஓடுவது விழிப்பு ஆகாது, அலையாத மனத்துக்கே உள்ளது உள்ளபடி தெரியும்.