திரைக்கு முன்னால் ஓர் இலை

பொதிகை அடிவாரத்து மடத்துப் பள்ளிக்கு வியாழக்கிழமை மதியமானால் நார்வே வந்துவிடும். லேப்டாப்பில்தான். அங்கே ஒரு பள்ளிப் பிள்ளைகள், இங்கே நம் பிள்ளைகள். நடுவில் மொழிபெயர்க்க நெல்லையப்பன். மடத்துச் சாமியிடம் பாடம் கேட்க வந்து, பள்ளிக்கூடத்து வாத்தியாராகவே நின்றுபோனவர்.

போன வாரம் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, கையுறைகூட மாட்டாமல், கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பனி விழுவதைக் காட்டினாள். விரலெல்லாம் சிவந்துவிட்டது. நம் பிள்ளைகள் பார்த்தார்கள். வாயே திறக்கவில்லை.

நார்வேப் பிள்ளைகளோ நாம் எதைக் காட்டினாலும் நன்றி சொல்கிறவர்கள். அவர்களுடைய டீச்சர் இங்ரித் மறுநாள் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். உங்கள் பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லையோ, நிறுத்திக்கொள்ளலாமா என்று.

அன்றிலிருந்து நெல்லையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வியாழன் நேரே சாமியிடம் போனார்.

"சாமி, பிள்ளைகளுக்கு நன்றி சொல்ல எப்படிக் கத்துக்குடுக்க?"

சாமி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "அதுகளுக்குத் தெரியாதாக்கும்?"

"வாயைத் திறந்தாத்தானே. இன்னைக்கு வேற ஒரு கூத்து. லேப்டாப்புக்குப் படையல் போட்டிருக்குதுக. இலையில சுண்டல். அந்த ஊர்க்காரங்க பார்த்தா சிரிப்பாங்க, எறும்பும் ஏறும்னு எடுத்து ஓரமா வச்சிட்டேன்."

"படையல்னு யாரு சொன்னா?"

"சொல்லணுமா சாமி? ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்ச பெட்டிதானே."

"பிள்ளைகளைக் கேட்டீரா?"

நெல்லையப்பன் வகுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல வாத்தியார்வே நீரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாமி நடந்தார்.

வகுப்பில் நார்வே வந்தாயிற்று. அந்தப் பிள்ளைகள் ரொட்டி டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். நம் பிள்ளைகள் மடியில் இன்னும் தொடாத சுண்டலோடு. சாமி யாரையும் பார்க்கவில்லை. ஓரத்தில் கிடந்த இலையை எடுத்து லேப்டாப் முன்னால் வைத்தார். இலை தெரிகிற மாதிரி திரையைக் கொஞ்சம் கீழே சாய்த்தார்.

பனி காட்டிய பெண் குனிந்து பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"யாருக்குன்னு கேக்கா," என்றார் நெல்லையப்பன்.

முன்வரிசையில் இருந்த இசக்கி எழுந்தாள். "அவளுக்குத்தான் சார். எங்களுக்காகக் கை வெறைக்க நின்னாள்லா. சூடா அவிச்சோம். நீங்கதான் தூக்கி வச்சிட்டீங்க."

நெல்லையப்பன் ஒருவழியாக மொழிபெயர்த்து முடித்தார்.

 பனி காட்டிய பெண் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தன் கேமராவுக்கு முன்னால் வைத்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தங்கள் பாஷையில் நன்றி சொன்னார்கள். இங்ரித் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வியாழன் உண்டுதானே என்றார்.

உண்டு என்று சொல்லிவிட்டு நெல்லையப்பன் மெல்லத் திரும்பினார்.

"சாமி, இப்போ நம்ம பிள்ளைக என்ன சொல்லணும்?"

"அவளைச் சாப்பிடச் சொல்லும்வே. விருந்தாளி கை வைக்காம இதுக தொடாது."