கப்பலில் வந்த வைராக்கியம்

முன்னொரு காலத்தில் ஒரு துறைமுக ஊரில் மனிதர்களோடு அவர்களுடைய குணங்களும் கைகால் முளைத்துக் கூடவே நடமாடின. சந்தைக்குப் போனால் கூட வரும். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காரும். யாரும் அதை அதிசயமாக நினைப்பதில்லை.

அந்த ஊரில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைத்து வந்த தங்கபுஷ்பத்தோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று கோபம். நெடுநெடுவென்று வளர்ந்தது; எப்போதும் அவளுக்கு நாலடி முன்னால் போகும். மற்றது வைராக்கியம். குட்டையாய், சாதுவாய் இருக்கும். மெல்லத்தான் நடக்கும். தெருவில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

தங்கபுஷ்பத்தின் ஒரே தம்பி தர்மக்கண், கடலுக்கு நடுவே ஒரு தீவில் மோட்டார் பழுதுபார்த்துக் கொண்டிருந்தான். தகப்பன் இல்லாத பிள்ளையை அவள்தான் வளர்த்து ஆளாக்கினாள். அவனோ தீவிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அக்காவுக்குத் தகவல் சொன்னான். அவள் அடுத்த விமானத்தைப் பிடித்துப் போனாள். பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னிலையில், "ஆத்தா செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள ஒனக்கு மாலை கேக்குதோ?" என்று கேட்டுவிட்டுத் தாலி கட்டுமுன் திரும்பி வந்துவிட்டாள். அன்றோடு அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது.

இப்போது தர்மக்கண்ணுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிற்று. தீவு ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்து நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான். கூடப் பிறந்தவர்கள் ஒன்று கொடுத்தால் நல்லது என்றார் டாக்டர். தம்பி பெண்டாட்டி செல்வரத்தினம் பயந்து பயந்து போன் செய்தபோது, தங்கபுஷ்பம் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே, "எப்ப வரணும்னு சொல்லு" என்றாள்.

மறுநாள் செல்வரத்தினம் அழுதுகொண்டே திரும்பக் கூப்பிட்டாள். "மதினி, அவுக வேண்டாங்காக. அவகிட்ட உசுரை வாங்கி வாழுறதுக்கு இப்படியே போய்ச் சேர்ந்துருதேங்காக."

கோபம் துள்ளி எழுந்தது. "பாத்தியா? இப்பவே கிளம்பு. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாத்தான் அவனுக்குப் புத்தி வரும்."

பையை எடுத்துக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள். ஊருக்கு வெளியே சாலை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று விமான நிலையத்துக்கு, ஒன்று துறைமுகத்துக்கு. கோபம் யோசிக்கவே இல்லை. விமானம் நின்ற பக்கம் அவள் கையைப் பிடித்து இழுத்தது.

விமானம் நல்ல மரியாதைக்காரன். "வாங்கம்மா. ஏறி உக்காந்து காப்பி குடிச்சு முடிக்கதுக்குள்ள தீவு வந்திரும்."

"கேட்டியா?" என்றது கோபம். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி. சூடு ஆறுறதுக்குள்ள போயிரணும்."

அந்தப் பக்கத்தில் கரையோரம் கட்டிக் கிடந்த கப்பல் கரகரத்த குரலில் சிரித்தது. "பழங்கஞ்சி குடிச்சவன்தான் உச்சி வெயில் வரைக்கும் மண்வெட்டி பிடிப்பான். நான் சாயங்காலம் கிளம்பி விடிஞ்ச பிறகு சேருவேன். என்கிட்ட அவசரத்துக்கு மருந்து கிடையாது."

தங்கபுஷ்பம் விமானத்தைப் பார்த்தாள். "எங்க மூணு பேருக்கும் இடம் உண்டா?"

விமானம் திரும்பிப் பார்த்தது. வைராக்கியம் அப்போதுதான் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. "பொய் சொல்ல மாட்டேன்" என்றது விமானம். "அவர் ஏணிப்படி ஏறுறதுக்குள்ள கதவைச் சாத்திருவாங்க. போன தடவையும் நீங்க கோபத்தோடதான் என்கிட்ட ஏறினீங்க. அவர் வாசல்லயே நின்னுட்டார்."

கல்யாணப் பந்தல் அவள் கண்முன் வந்தது. அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் கோபம் சொல்லிக் கொடுத்தது.

"ஒண்ணு கேக்கேன்" என்றது விமானம். "தம்பி மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்காரா? அப்படின்னா யோசிக்காம ஏறுங்க. நானே கதவைப் பிடிச்சு வைக்கேன்."

"இல்ல. ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கு. அவன் சரின்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"அப்ப நான் வற்புறுத்தல."

கோபம் காலை உதைத்தது. தங்கபுஷ்பம் வைராக்கியம் வந்து சேரும்வரை நின்றாள். பிறகு துறைமுகச் சாலையில் இறங்கினாள்.

கப்பல் புறப்பட்டதும் கோபம் மேல்தளத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தது. தம்பிக்குப் போட்ட சோறு, கட்டின பீஸ், காய்ச்சலில் தூக்கிச் சுமந்த தூரம் எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தது. கரை தெரியும் வரைக்கும் குரல் கணீரென்று இருந்தது. நடுக்கடலுக்கு வந்ததும் கப்பல் ஆடியது. கோபத்துக்கு வயிற்றைப் புரட்டியது. சொன்னதையே திருப்பிச் சொன்னது. பிறகு தொண்டை கட்டிப்போய் ஒரு கயிற்றுக் குவியல்மேல் சுருண்டு படுத்தது.

வைராக்கியம் கட்டுச்சோற்றைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டது. அவளுக்கும் ஒரு உருண்டை கொடுத்தது. கையைக் கழுவிவிட்டு நன்றாகத் தூங்கியது.

விடிந்தபோது தீவு பக்கத்தில் இருந்தது. கோபத்தால் எழுந்து நிற்க முடியவில்லை. "என்னைத் தூக்கிக்கோ" என்று முனகியது. "நான் இல்லாம அவன்கிட்ட என்ன பேசுவ?"

அது அவளுக்கும் தெரியவில்லை. தயங்கி நின்றாள்.

"என்கிட்ட விட்டுட்டுப் போம்மா" என்றது கப்பல். "என் கீழ்த்தளம் பூரா இப்படி இறங்க முடியாமக் கிடக்கிற கோபங்கதான். நீ ஏறின துறையிலயே கொண்டுபோய்ச் சேர்த்திருதேன். வேணும்னா அங்க வந்து கூட்டிக்கோ."

தங்கபுஷ்பம் கோபத்தின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். வைராக்கியம் அவள் பக்கத்தில் சரிக்குச் சரியாக நடந்து வந்தது. அவசரமில்லாமல் நடந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நடைதான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தர்மக்கண் வீட்டு வாசலில் அவனுடைய ரோஷம் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழிமறித்து நின்றது. அகலமான மார்பு, முறுக்கின மீசை. அவளைக் கண்டதும் அது கழுத்தை நீட்டி அவள் முதுகுக்குப் பின்னால் தேடியது.

"எங்க உன் ஆளு? அந்த நெட்டையன்?"

"வரல" என்றாள் தங்கபுஷ்பம்.

"அவன் வராம நான் யாரோட மல்லுக்கட்ட?"

வைராக்கியம் முற்றத்து முருங்கை நிழலில் போய் உட்கார்ந்தது. அவளும் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது. "ரத்தினம், அவளைப் போகச் சொல்லு."

"ஏலே தர்மா, நான் பேச வரல. உக்காரத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

அன்று முழுவதும் அவன் வெளியே வரவில்லை. அவளும் எழுந்து போகவில்லை. செல்வரத்தினம் பின்வாசலில் அடுப்பு மூட்டியபோது, "டாக்டர் சொன்னபடி உப்பில்லாத குழம்பை எப்படித்தான் இறக்கணும்னு தெரியல மதினி, ஒரு வாய் தின்னுட்டுத் தள்ளிருதாக" என்று கண்ணைத் துடைத்தாள். தங்கபுஷ்பம் எழுந்து கைபார்த்தாள். பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகை வறுத்து, உப்பு இல்லாமலே வாசம் வரும்படி இறக்கினாள். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. யார் வைத்தது என்று அவன் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. ஆட்டோவில் அவனும் செல்வரத்தினமும் ஏறினார்கள். அக்காவும் வைராக்கியத்தோடு ஏறினாள். நடுவில் ரோஷம் இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டது. தம்பியின் கணுக்கால் வீங்கியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி வந்தாள். கோபம் கூட இருந்திருந்தால் அழுகை வராமல் பார்த்துக்கொண்டிருக்கும். வைராக்கியம் அழாதே என்று சொல்லவில்லை. இறங்கிப் போகவும் விடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ரோஷத்துக்குக் கால் கடுத்தது. சண்டைக்கு ஒரு ஆள் இருந்தால் அது வருஷக்கணக்காக நிற்கும். எதிரே ஒருத்தி சும்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் எவ்வளவு நேரம்தான் மார்பை விடைத்துக்கொண்டு நிற்பது? நிலைக்கதவில் சாய்ந்தது. மீசை தொங்கிப்போயிற்று.

அதன் தோளுக்கு மேலாக தர்மக்கண்ணின் முகம் தெரிந்தது. வெளிறி, கன்னம் ஒட்டிப்போன முகம்.

"அன்னைக்கு அம்புட்டு பேர் முன்னால என்னைக் கூசிப்போக வச்சியே" என்றான்.

"ஆமா."

"இப்ப உன்கிட்ட வாங்கிட்டா, காலம் பூரா உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஒரு வார்த்தை உன்ன எதிர்த்துப் பேச முடியுமா?"

தங்கபுஷ்பம் கீரையைக் கீழே வைத்தாள். வாசல் வரைக்கும் வந்து நின்றாள். ரோஷம் பழக்கத்தில் கையைக் குறுக்கே நீட்டியது. அவள் அதைத் தள்ளவில்லை. இந்தப் பக்கத்திலேயே நின்று பேசினாள்.

"நீ என்கூடப் பேசவே வேண்டாம்லே. அக்கான்னு கூப்பிட வேண்டாம். என் வீட்டுப் படி ஏற வேண்டாம். நான் செத்தா வந்து பாக்கவும் வேண்டாம். உசுரோட இருந்துக்கிட்டு என்கூடப் பேசாம இரு. எனக்கு அது போதும்."

தர்மக்கண் அவளையே பார்த்தான். முருங்கையடியில் இருந்த வைராக்கியம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் என்றாலும் இருக்கும்போல இருந்தது.

கடைசியில் அவன் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "ரத்தினம், பையை எடுத்து வை. அக்கா வைக்கிற குழம்பை மூணு நாளாத் தின்னு தாக்குப்பிடிச்சுட்டேன். இனிமே ஆஸ்பத்திரிக்காரன் என்னை என்ன செஞ்சிரப் போறான்?"

ரோஷம் எங்கும் போய்விடவில்லை. கையை மட்டும் எடுத்துவிட்டு, வாசலின் ஒரு ஓரமாகத் தள்ளி நின்றது. ஒரு ஆள் வெளியே வருவதற்கு அந்த இடம் போதும்.