சவரிமுத்து கண்டெடுத்தவை

“செத்துப்போனவனுக்கு நல்லது செய்ய ஒரு பொய் எழுதுனா தப்பாம்மா?”

கலியபெருமாள் இதை உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார். மடத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்திருந்தது. அதைப் பார்த்தார், தாண்டிப் போனார், திரும்பி வந்தார். நின்றுகொண்டேதான் இருந்தார்.

மடத்தம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து அமாவாசைச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கலியபெருமாளுக்கு அறுபத்தாறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கிளார்க்காக இருந்து, ஊரில் பாதிப் பேர் நிலத்துக்கு எல்லை எழுதிய மனுஷர். அப்படிப்பட்டவர் மகள் வயதுப் பெண்ணை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு எட்டு வருஷமாக அங்கே போய் வருகிறார். இவர் எதையாவது கேட்பார். அந்த அம்மா பதில் சொல்லாமல் ஏதாவது ஒரு வேலை சொல்லி அனுப்பிவிடுவார். இதுதான் எட்டு வருஷமாக நடந்த உபதேசம்.

“என்ன பொய்?” என்றார் அம்மா.

“ஒரு எடத்தோட பேரு. அவ்வளவுதாம்மா.”

அம்மா அரிவதை நிறுத்தவில்லை. கலியபெருமாள் நின்றபடியே சொன்னார்.

அரியலூர்ப் பக்கத்து மண்ணில் எந்தக் காலத்திலோ கடல் இருந்தது. அந்தக் கடலின் நத்தையும் சிப்பியும் கல்லாகி இன்றைக்கும் ஓடைக்கரைகளில் கிடக்கின்றன. கலியபெருமாளும் டிப்பர் லாரி ஓட்டிய சவரிமுத்துவும் இருபத்திரண்டு வருஷம் அவற்றைப் பொறுக்கினார்கள். கண் சவரிமுத்துவுடையது. லோடு வண்டியில் போகிற போக்கில் சாலையோர வெட்டில் ஒரு வரி தெரிந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடுவார். கை கலியபெருமாளுடையது. சவரிமுத்து கையெழுத்துப் போடுவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, எந்த ஓடை, எந்தக் கரை, எத்தனை அடி ஆழம் என்று சொல்வார். கலியபெருமாள் பத்திரம் எழுதுவதுபோல் புல எண்ணோடு ஒரு சீட்டில் எழுதித் தருவார்.

இடம் எழுதாத கல் வெறும் கல். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது வேதவாக்கு.

போன மார்கழியில் சவரிமுத்து நெஞ்சுவலியில் போய்விட்டார். இப்போது உயர்நிலைப் பள்ளியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்த்ததையும் அங்கே வைத்து ஊர் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. வாசலில் இரண்டு பேர் பெயரும் எழுதியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு. திறந்துவைக்க வரும் நிலவியல் பேராசிரியர், சீட்டு இல்லாத ஒரு கல்கூட உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் சீட்டு இருக்கிறது. சவரிமுத்துவின் அறுபத்தொரு கல்லுக்கு மட்டும் இல்லை.

“அதுக்கு மட்டும் ஏன் இல்ல?”

“விட்டுப்போச்சும்மா.”

அம்மா பூசணி விதைகளை வழித்துத் தனியாக வைத்தார்.

“ஒரு கல்லுக்கு எழுதிட்டு வாங்க. கல்லையும் கொண்டாங்க.”

“அப்ப எழுதலாங்களா?”

“எழுதிட்டு வாங்கன்னுதான் சொன்னேன்.”

*

விட்டுப்போகவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டீக்கடையில் யாரோ கலியபெருமாள் வீட்டுக் கற்களைப் பற்றி ஆகா ஓகோ என்று பேசினார்கள். சவரிமுத்து கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். “கண்டுபுடிக்கிறது நானு. பேரு வாங்குறது கிளார்க்கு.”

அது நிஜம். நிஜமாக இருந்ததால்தான் சுட்டது. கலியபெருமாள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அதற்கப்புறம் சவரிமுத்துவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மூன்று வருஷத்தில் சவரிமுத்து தனியாகவே அலைந்தார். அவர் வாழ்நாளிலேயே கிடைக்காத கற்களெல்லாம் அப்போதுதான் கிடைத்தன. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவர் மனைவி அன்னம்மாள் அவற்றை ஒரு சாக்கில் கட்டி, ஷேர் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து கலியபெருமாள் வீட்டில் இறக்கினார்.

“எது எது எங்க எடுத்ததுன்னு எல்லாத்தையும் நீங்க நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களாம்ல. அவரு சொல்லுவாரு. ஞாயித்துக்கெழமை ஆனா உங்ககிட்ட சொல்லிட்டு வர்றதுதான் அவருக்கு நிம்மதி.”

கலியபெருமாள் ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான்கு மாதமாகத் திரும்ப வாங்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. பேப்பரை எடுத்தால் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று மனைவி கேட்டால், அதற்கும் எரிந்து விழுகிறார்.

மடத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம் சாக்கிலிருந்து மிகப் பெரிய கல்லை எடுத்தார். தாம்பாளம் அளவு நத்தை. வரிவரியாகச் சுருண்டு நடுவில் போய் முடிந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு உடைந்து போயிருந்தது.

முதல் சீட்டைக் கிழித்தார். இரண்டாவதையும் கிழித்தார். நான்காவது சீட்டில் கை பழைய பழக்கத்துக்கு வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் எல்லை எழுதிய கை இல்லையா? புல எண் 214/3, ஓடைக்குத் தென்கரை, ஒற்றை வேப்பமரத்துக்கு மேற்கே இருபது அடி, ஆழம் ஒரு முழம், கண்டெடுத்தவர் சவரிமுத்து. படித்துப் பார்த்தார். நம்பும்படி இருந்தது. கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு உடனே வெட்கமும் வந்தது.

*

மறுநாள் காலையில் அம்மா சீட்டை இரண்டு தடவை படித்தார். கல்லைத் திருப்பி உடைந்த ஓரத்தைத் தடவினார்.

“மிச்சம் எங்க?”

“அங்கனயே கெடக்கும்மா. மழை பேஞ்சா மேல வந்துரும்.” இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் இது. யோசிக்காமல் வந்துவிட்டது.

“முந்தாநாளு பேஞ்சுதே.” அம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். “வாங்க, எடுத்துட்டு வந்துருவோம்.”

மூன்று கிலோமீட்டர் நடந்தார்கள். வழி நெடுக கலியபெருமாள் சாக்கு தேடினார். வெயில் ஏறுகிறது என்றார். முள்ளுக்காடு என்றார். நல்ல பாம்பு இருக்கும் என்றார். தன் முழங்கால் வலியைச் சொன்னார். நில்லுங்கள் என்றார் அம்மா, நான் மட்டும் போகிறேன் என்றார். அதற்குப் பயந்துபோய்க் கலியபெருமாள் முன்னால் நடந்தார்.

அறுத்து முடித்த மக்காச்சோளக் கொல்லை. ஓடை இருந்தது. வேப்பமரமும் இருந்தது. கலியபெருமாள் எழுதினால் எல்லை தப்பாது.

அம்மா சீட்டைப் பார்த்து மரத்திலிருந்து மேற்கே இருபது அடி அளந்தார். முழங்காலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தார்.

ஒரு கட்டி வந்தது. கரிசல் மண்ணைத் தட்டினார். அதை நத்தையின் உடைந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்.

“இதுவா?”

“இல்லம்மா.”

அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தோண்டினார்.

“இதுவா?”

“இல்லம்மா.”

வெயில் உச்சிக்கு வந்தது. அம்மா ஒரு முழ ஆழம் தோண்டி முடித்து, அதே வரிசையில் அடுத்த முழத்துக்கு நகர்ந்தார். எதையும் சந்தேகப்படுகிற முகமாக இல்லை. புடவையில் கரிசல் ஒட்டியிருந்தது. முழங்காலில் கருவேல முள் ஒன்று ஏறியிருந்தது. அதை எடுக்கக்கூட நேரமில்லாதவர் மாதிரி தேடினார். கலியபெருமாள் மரத்தடிக்குப் போனார், ஓடைக்குப் போனார், திரும்பி வந்தார். களைக்கொத்தைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். அம்மா கொடுக்கவில்லை.

“இதுவா பாருங்க. வரி மாதிரி இருக்கு.”

அது வெறும் சுண்ணாம்புக் கட்டி. அதை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டிய விதத்தைக் கலியபெருமாளால் பார்க்க முடியவில்லை.

“போதும்மா. எந்திரிங்க. இங்க இல்ல.”

“சீட்டுல இங்கன்னுதானே இருக்கு.”

“நான் எழுதுனதும்மா அது.”

“அதான் நம்பி வந்தேன்.”

“எங்க எடுத்தான்னு எனக்குத் தெரியாது.”

“யாருக்குத் தெரியும்?”

“அவனுக்குத்தான் தெரியும்.”

“உங்ககிட்ட சொல்லலியா?”

கலியபெருமாள் தோண்டிப் போட்ட மண்மேல் உட்கார்ந்தார். வேட்டியைப் பற்றி யோசிக்கவில்லை.

“சொல்ல வந்தான்,” என்றார்.

அம்மா களைக்கொத்தைக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் வருவாம்மா. கேட்டுக்கு வெளிய நின்னு, கிளார்க்கே, கிளார்க்கேன்னு கூப்புடுவான். கையில பை இருக்கும். நான் உள்ளதான் இருப்பேன். எங்க வீட்டுல எந்திரிச்சுப் போவா. போகாதன்னு கையக் காட்டுவேன். அரமணி நேரம் நிப்பான். வர்றவன் போறவன்லாம் பாப்பான். அப்புறம் போயிருவான். வீட்டுல போயி எழுதியாச்சுன்னு சொல்லியிருக்கான். என்னைய விட்டுக்குடுக்கல.”

“எத்தனை வாரம் வந்தாரு?”

“சாகுற வரைக்கும்.”

அதைச் சொன்னதும் அழுதுவிட்டார். அறுபத்தாறு வயது மனுஷர் நடுக்கொல்லையில் வாய்விட்டு அழுதார். சவரிமுத்துவை அடக்கம் செய்த அன்று வராத அழுகை அது. அன்றைக்கு அவர் கல்லறைத் தோட்டத்து வாசலோடு திரும்பிவிட்டார்.

அம்மா முழங்காலில் இருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டார். சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி அவரிடம் நீட்டினார்.

கலியபெருமாள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கல்லையே தொடைமேல் அணையாக வைத்துக்கொண்டு எழுதினார். பத்திர பாஷை வரவில்லை.

கண்டெடுத்தவர்: சவரிமுத்து. இடம்: தெரியாது. சொல்ல வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. கலியபெருமாள்.

அம்மா வாங்கிப் படித்தார்.

“மிச்சம் அறுபதுக்கும் இதையேவாம்மா எழுதணும்?”

“அதுக்கெல்லாமும் அவரு வந்தாருல்ல?”

கலியபெருமாள் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் படிப்பார் என்றார். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் படிப்பார்கள், ஊரே படிக்கும் என்றார். அதெல்லாம் போகட்டும் என்று அவரே சொல்லிக்கொண்டார். கடைசியில் உள்ளே கிடந்தது வெளியே வந்தது.

“அவன் சம்சாரம் வருவாங்கம்மா. அன்னம்மா. அவன் சொன்னதெல்லாம் நான் எழுதி வச்சிருக்கேன்னு இன்னமும் நம்பிக்கிட்டிருக்காங்க. ஒவ்வொரு கல்லா நின்னு படிப்பாங்க.”

“அவங்களுக்கு என்ன வயசு?”

“என் வயசு இருக்கும்.”

அம்மா சீட்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப எழுத்தைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க.”