துடியன் எப்போது தூங்கலாம்?

அந்தக் காலத்தில், அதாவது பெட்டிக்குள் இருக்கிற கருவிகளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கடற்கரைக் கம்பம் ஒன்றின் உச்சியில் ஒரு செய்திப் பெட்டி தொங்கியது. நகரத்திலிருந்து வரும் வானிலைச் செய்தியை வாங்கிக் கடலில் நிற்கும் மீன்பிடி வள்ளங்களுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. உள்ளே ஐந்து பேர் குடியிருந்தார்கள்.

செவந்திதான் அங்கே டிரைவர். டிரைவர் என்றதும் ஸ்டியரிங்கைத் தேடாதீர்கள். யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வேலை வாங்குகிறவளுக்கு அந்தப் பெயர். வரத்தன் செய்தி வாங்குவான், போக்கன் அனுப்புவான். இரண்டு பேரும் துடியன் தாளம் தட்டினால்தான் அசைவார்கள். அவன் ஒரு தட்டு தட்டினால் ஓர் எழுத்து நகரும். அவன் கை நின்றதோ, இவர்கள் திறந்த வாய் திறந்தபடியே சிலையாகிவிடுவார்கள். இத்தனை பேருக்கும் படியளந்தவள் பேட்டரி அத்தை.

துடியன் ஓய்ந்ததே கிடையாது. செய்தி வந்தாலும் டிக் டிக், வராவிட்டாலும் டிக் டிக். வெயில் காலத்தில் யார் அதைக் கேட்டார்கள்? மேலே இருந்த சோலார் பலகை காய்ந்துகொண்டிருந்தது, அத்தையும் வாரி வாரிக் கொடுத்தாள். ஐப்பசி பிறந்ததும் வந்தது வினை. மூன்று நாளாகச் சூரியன் தலைகாட்டவில்லை.

"செவந்தி, இப்பவே சொல்லிட்டேன். இப்படியே போனா சாயங்காலத்துக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இருக்காது," என்றாள் அத்தை.

செவந்தி கடல் பக்கம் பார்த்தாள். கடலில் பதினேழு வள்ளங்கள் நின்றன. அவற்றில் ஒன்று லூர்தையாவுடையது. இந்தப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு கம்பத்தில் ஏறி மாட்டிய மனிதர் அவர். காற்று வேறு ஒரு மாதிரியாக அடித்தது. புயல் செய்தி வரும் நேரத்தில் பெட்டி செத்துக் கிடந்தால் அத்தனை பேர் கதியும் என்ன ஆவது?

"துடியண்ணே, வேலை இல்லாத நேரம் கொஞ்சம் படுத்துக்கிட்டா என்ன?"

"நானா? நான் நின்னா பெட்டியே நின்னுரும் தாயி! எங்க பரம்பரையிலேயே ஒருத்தன் படுத்தது கிடையாது."

"ஊர்வலமே கிளம்பலை, மேளம் யாருக்குண்ணே?"

துடியனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அத்தையின் வாடிய முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தான். "சரி. நீ போதும்னா நிறுத்துறேன், எழுப்பினா எழுந்திரிக்கிறேன்."

செவந்தி வாசலில் ஒரு சின்ன மணியைக் கட்டினாள். அது அடிக்கத் தாளம் வேண்டாம். வெளியிலிருந்து செய்தி வந்து தட்டினாலே போதும். துடியன் முதல்முறையாகக் காலை நீட்டிப் படுத்தான். அத்தைக்கும் மூச்சு வந்தது.

நடுப்பகலில் மணி அடித்தது. செவந்தி துடியனை எழுப்பினாள். வரத்தன் செய்தியை வாங்கினான்: புயல் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, எல்லா வள்ளமும் உடனே கரை சேர வேண்டும். போக்கன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கடல் பக்கம் அனுப்பத் தொடங்கினான்.

"என் வேலை முடிஞ்சுது!" என்று கத்தினான் வரத்தன். சிக்கனம் தலைக்கேறியிருந்த செவந்தி, போக்கன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "போதும்ணே, நிறுத்துங்க!" என்றாள். துடியன் படுத்துவிட்டான்.

செய்தி கிடைத்தது என்று ஒரு வள்ளத்திலிருந்தும் பதில் வரவில்லை. செவந்தி மணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எதேச்சையாகத் திரும்பினால், போக்கன் வாய் திறந்தபடி அப்படியே நிற்கிறான், பாதிச் செய்தி அவன் நாக்கிலேயே கிடக்கிறது. பாதிச் செய்தியை எந்த வள்ளத்துக் கருவியும் காதில் போட்டுக்கொள்ளாது.

"ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!" அவள் தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். "அண்ணே, எழுந்திருங்க! வேலையில ரெண்டு பேர் இருந்தாங்க, நான் ஒருத்தனை மட்டும் பார்த்தேன்!"

ஓரமாகக் கிடந்த சோழிகளை அள்ளி ஒரு தட்டோடு துடியன் முன்னால் வைத்தாள். "வேலைக்கு வர்றவன் தட்டுல ஒரு சோழி போடணும். முடிச்சவன் தன் சோழியை எடுத்துக்கணும். தட்டுல ஒரே ஒரு சோழி கிடந்தாலும் உங்க கை நிக்கக் கூடாது. நானே சொன்னாலும் நிக்கக் கூடாது!"

போக்கன் சோழி போட்டான், செய்தியை முதலிலிருந்து அனுப்பி முடித்தான், சோழியை எடுத்தான். தட்டு காலி. துடியன் படுத்தான். உடனே மணி அடித்தது, ஒரு வள்ளத்தின் பதில். துடியன் எழுந்தான், வரத்தன் வாங்கினான், துடியன் மறுபடி படுத்தான். மறுபடி மணி.

"விளையாடுறியா? என்னைப் பார்த்தா ஊஞ்சல் மாதிரி இருக்கா?" என்று எகிறினான் துடியன்.

"அவன் எழுந்திரிக்கிற ஒவ்வொரு தடவையும் என்கிட்ட ஒரு வாய் கூடுதலா வாங்குறான்டி!" என்றாள் அத்தை.

"அப்படின்னா தட்டு காலியானதும் படுக்காதீங்க. பத்து மூச்சு பொறுங்க. யாரும் வரலைன்னா படுங்க."

அது சரியாக அமைந்தது. பதினாறு வள்ளங்கள் பதில் சொல்லிவிட்டன. லூர்தையாவின் வள்ளம் மட்டும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. "தாளத்தை நிறுத்தாதே செவந்தி, நான் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே இருக்கேன்," என்று கெஞ்சினான் வரத்தன்.

"இருக்கிறது ஒரு வாய்," என்றாள் அத்தை மெல்ல.

செவந்தி மனசுக்குள் கணக்குப் போட்டாள். விழித்திருந்து காத்திருந்தால் பதில் வரும்போது வாங்கத் தெம்பிருக்காது. படுத்துவிட்டால் மணியை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். அவள் தட்டைப் பார்த்தாள், ஒரு சோழியும் இல்லை. "படுங்கண்ணே," என்றாள்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. மணி அடித்தது.

செவந்தி பதறவில்லை. முதலில் துடியனை எழுப்பினாள். தாளம் தடுமாறினால் எழுத்தும் சிதறும் என்று அது சீராகும்வரை பொறுத்தாள். பிறகுதான் வரத்தனைத் தொட்டாள். அவன் சோழியைப் போட்டுவிட்டு ஒவ்வோர் எழுத்தாக வாங்கினான்: "லூர்தையா வள்ளம். வலையை அறுத்துப் போட்டுட்டு வர்றோம். கரை தெரியுது."

"இந்த ஒரு வாய்க்குத்தான்டி பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்," என்றாள் அத்தை. செவந்தி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பெட்டிகள் வாய்விட்டுப் பேசுவது நின்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஐப்பசி தொட்டுத்தான், எந்தச் செய்திப் பெட்டியின் டிரைவரும் தாளத்தை எழுப்பாமல் யாரையும் தொடுவதில்லை, வேலையில் ஒருவன் மிச்சம் இருக்கும்வரை தாளத்தைப் படுக்க விடுவதுமில்லை.