சனிக்கிழமை நோட்டு

கரட்டுப்பட்டி ஓடுபாதையில் இப்போது விமானம் இறங்குவதில்லை. மிளகாய் காய்கிறது. வாசுகி காரை வேலியோரம் நிறுத்திவிட்டு அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு காகிதம் கிடந்தாலே கேப்டன் சவரிராயன் ஊரைக் கூட்டிவிடுவார்.

விமானப் பயிற்சி கிளப்பை மூடியபோது எல்லோரும் போய்விட்டார்கள். கேப்டன் மட்டும் விமானக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் தங்கிவிட்டார். எண்பத்தொரு வயது. பழைய பயிற்சி விமானத்தின் இருக்கை ஒன்றைக் கழற்றிப் பலகையில் பொருத்தி வைத்துக்கொண்டு அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"வாசுகி, சார்."

"எந்த வாசுகி?"

"கடலைக்காட்டு வாசுகி."

"அடடே. வாம்மா, வா."

அந்தப் பட்டப்பெயரைத் தானே சொல்லிக்கொள்வோம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஒரு காலத்தில் அதைச் சொன்னவனை அடிக்கப் போயிருக்கிறாள்.

கேப்டன் டீ போட உள்ளே போனார். வாசுகி கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ராஜினாமாக் கடிதம் அதில் இருந்தது. நகரத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக அவள் தலைமைப் பயிற்சியாளர். திங்கட்கிழமை அதைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

அலமாரியில் அந்த நீள நோட்டு அப்படியே இருந்தது. பழுப்பு அட்டை, சிவப்புத் துணி ஒட்டிய முதுகு.

அப்போதெல்லாம் சனிக்கிழமை காலை ஆறரைக்கு மாணவர்கள் கொட்டகை முன்னால் நிற்க வேண்டும். கேப்டன் அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கம் வாசிப்பார். எங்கோ ஒரு சின்ன விமானம் விழுந்த கதை. பேர் இருக்காது, ஊர் இருக்காது. டாங்கியில் குச்சி விட்டுப் பார்க்காமல் பெட்ரோல் காட்டும் முள்ளை நம்பிக் கிளம்பியவன். சின்ன மேகம்தானே என்று உள்ளே நுழைந்தவன். அம்மாவுக்குக் கையாட்ட வீட்டுக்கு மேல் தாழப் பறந்து மின்கம்பியில் மாட்டியவன். மச்சானையும் மச்சானின் மூட்டை முடிச்சையும் சேர்த்து ஏற்றிக்கொண்டவன். வாசித்துவிட்டு நோட்டை மூடுவார். கேள்வி கேட்கக் கூடாது. அவரவர் விமானத்தை இன்னொரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு எல்லோருக்கும் டீயும் பன்னும் உண்டு.

மேலே கிளம்பிய கையோடு என்ஜின் நின்றுபோய், ஓடுபாதைக்கே திரும்பப் பார்த்து விழுந்தவனின் பக்கம் ஒன்றும் அதில் இருந்தது. அதை வாசிக்கும்போது மட்டும் கேப்டன் நடுவில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைப்பார். கிழவருக்குக் கண் போயாச்சு என்று பின்வரிசை கிசுகிசுக்கும். அந்தப் பின்வரிசையில் வாசுகியும் உண்டு.

என்ன வயது அது! பெட்ரோல் வாசனையே பசியை அடக்கிவிடும் வயது. சாவு என்பது நோட்டில் இருக்கிறவர்களுக்கு வருவது என்று நம்பிய வயது.

கேப்டன் டீயை அவள் கையில் கொடுத்தார்.

"சொல்லு."

"என் ஸ்டூடண்ட் ஒருத்தன் என்ஜின் நின்னு விழுந்துட்டான் சார். போன மாசம். முபாரக்னு பேரு. இருபது வயசு."

"இருக்கானா?"

"இருக்கான். ரெண்டு காலும் நொறுங்கிப்போச்சு. நடக்க ஒரு வருஷம் ஆகும்ங்கறாங்க."

"எங்க நின்னுச்சு என்ஜின்?"

"கிளம்பி நானூறு அடியில. முன்னாடி காலி மைதானம், சார். சும்மா நேரா எறங்கியிருக்கலாம். திரும்பிட்டான்."

கேப்டன் இருக்கையில் முன்னுக்குச் சாய்ந்தார்.

"எல்லாம் சொல்லிக் கொடுத்தேன் சார். தாழ இருக்கறப்ப திரும்பினா வேகம் செத்துரும், றெக்கை தாங்காதுன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். பரீட்சையில அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவன் அவன். நான் எதைச் சொல்லிக் கொடுக்காம விட்டேன்?"

"அவன் என்ன சொல்றான்?"

அவள் வந்ததே அதைச் சொல்லத்தான்.

"ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டான். 'மேடம், நீங்க திரும்பி வந்த மாதிரியேதான் நானும் திரும்பினேன். எந்த எடத்துல தப்புப் பண்ணேன்?'னு கேக்குறான் சார்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். கேப்டன் அவள் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

அந்தக் கதை அவர்கள் இருவருக்கும் தெரியும். வாசுகி மூன்றாவது தடவையாகத் தனியாகப் பறந்த நாள். கடலைக்காட்டுக்கு மேலே போகும்போது என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அவள் யோசிக்கவே இல்லை. தலை தானாகப் பின்னால் திரும்பியது. கொட்டகை தெரிந்தது, டீக்கடை தெரிந்தது, நண்பர்கள் தெரிந்தார்கள். திருப்பிவிட்டாள். காற்று கை கொடுத்தது, எடை குறைவும் கை கொடுத்தது. டாங்கியில் பாதிப் பெட்ரோல், இருக்கையில் நாற்பத்திரண்டு கிலோ வாசுகி. விமானம் ஓடுபாதையோரப் புல்லில் தொப்பென்று வந்து உட்கார்ந்தது. ஒரு திருகாணிகூடக் கழலவில்லை.

தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். மெக்கானிக் ஜிலேபி வாங்கி வந்தார். கேப்டன் மட்டும் கிட்டே வந்து, "முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கடலைக்காடு, சார்."

"ஒரு மாசம் நீ பறக்க வேணாம். தெனமும் அந்தக் காட்டுல நடந்துட்டு வா."

நடந்தாள். மண் மெத்தென்றுதான் இருந்தது. இறங்கியிருந்தால் சக்கரமும் கௌரவமும் உடைந்திருக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அதை அவள் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. பெண்ணாகப் பிறந்ததால்தான் தன்னை மட்டம் தட்டுகிறார் என்று மனசுக்குள் கருவிக்கொண்டே நடந்தாள்.

"அந்தக் கதையப் பசங்ககிட்ட சொல்வியோ?" என்றார் கேப்டன்.

"ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்வேன். கடைசி நாள் பார்ட்டியில."

"எப்படிச் சொல்வே?"

"சிரிக்கச் சிரிக்கத்தான் சார். உங்கள மாதிரி நடந்து காட்டுவேன். 'யாரும் இப்படிப் பண்ணாதீங்க'ன்னு கடைசியில சொல்லித்தான் முடிப்பேன்."

"கை தட்டுவாங்களா?"

"தட்டுவாங்க."

"எனக்கும் தட்டினாங்க," என்றார் கேப்டன்.

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்தார். பின்பக்க அட்டையைத் திறந்தார். சனிக்கிழமைகளில் அவர் முன்னாலிருந்துதான் வாசிப்பார். பின்னாலும் எழுத்து இருப்பது வாசுகிக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

இரண்டே பக்கங்கள். வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

1999, ஆகஸ்ட் 14. விபத்து. புறப்பட்டதும் என்ஜின் நின்றது. முன்னால் கடலைக்காடு இருந்தும் விமானி திரும்பினார். விமானம்: சேதமில்லை. விமானி: காயமில்லை. மற்றவர்கள்: இன்னும் தெரியவில்லை.

வாசுகி அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள்.

"இத விபத்துன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அன்னைக்கேவா?"

"நீ ஜிலேபி தின்னுக்கிட்டு இருந்தே."

இடது பக்கத்தில் மை மங்கியிருந்தது. 1966. அதே என்ஜின் கதை, அதே திருப்பம். விமானம்: சேதமில்லை. விமானி: காயமில்லை. மற்றவர்கள் என்ற இடத்தில் முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, வேறு பேனாவால் கீழே எழுதியிருந்தது: ஆரோக்கியம், வயது 22. 1973.

"இந்த விமானி யாரு சார்?"

"நான்தான்."

"ஆரோக்கியம்?"

"என் மொத ஸ்டூடண்ட். அவனும் திரும்பினான், பொழைக்கல. நானும் நல்லாத்தான் கதை சொல்வேன், வாசுகி. உன்னவிட நல்லாச் சொல்வேன்."

அவருடைய கண்ணாடி அவளுக்கு நினைவு வந்தது. கொட்டகை முன்னால், பேர் சொல்லாமல் ஆரோக்கியத்தின் பக்கத்தை வாசிக்கையில் நடுவில் நிறுத்தித் துடைத்துக்கொண்டு நின்ற அந்தக் கண்ணாடி. பின்வரிசையில் நின்று சிரித்ததற்காக இருபத்தைந்து வருடம் கழித்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இந்தப் பக்கத்த ஏன் சார் எங்களுக்கு வாசிக்கல? ஒரு தடவை வாசிச்சிருந்தா நான் திரும்பியிருக்க மாட்டேனே!"

கேட்டபிறகுதான் அது எவ்வளவு கடுமையான கேள்வி என்று அவளுக்கு உறைத்தது. கேப்டன் கோபப்படவில்லை. வெளியே மிளகாயைப் புரட்டிப் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்தவங்களப் பத்தி வாசிக்கறது சுலபம்மா. ஒவ்வொரு சனிக்கெழமையும் இதத் திறக்கணும்னுதான் வருவேன். உங்க மூஞ்சியெல்லாம் பாப்பேன். அப்படி ஆசையாப் பாத்துக்கிட்டு நிப்பீங்க என்னை. வேற பக்கத்த வாசிச்சுட்டுப் போயிருவேன்."

டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

வாசுகி கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். "நான் விட்டுர்றேன் சார். யாருக்கும் சொல்லிக்கொடுக்கற யோக்கியத எனக்கு இல்ல."

அவர் அதை வாங்கினார். பிரிக்கவில்லை. இரண்டாக மடித்து, அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் அடையாளமாக வைத்து, நோட்டை மூடி அவள் மடியில் வைத்தார்.

"உன்கிட்ட இப்ப எத்தன பேரு?"

"எட்டுப் பேரு சார்."

"இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

"அப்ப நாளைக்கு நீ வாசி."

அவள் நோட்டின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு முகங்களும் அவள் கண் முன்னால் வந்து நின்றன. எல்லாமே அவளை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள்.

"என் பக்கத்தையா சார்?"

"ரெண்டையும்," என்றார் கேப்டன். "என் பேரச் சொல்லி வாசி."