காவல் குரங்கும் கஞ்சா இலையும்

ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு குரங்கு இருந்தது. அது மகா புத்திசாலி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்தக் குரங்கு நானே. எனவே பொய் சொல்ல முடியவில்லை.

உயர்ந்த மருத மரத்தின் உச்சியில் அமர்ந்து, புலி வந்தால் குரல் கொடுப்பது என் வேலை. என்னை நம்பித்தான் மான்கள் கீழே தலை குனிந்து மேய்ந்தன.

காட்டோரத்தில் யாரோ கஞ்சாச் செடி வளர்த்திருந்தார்கள். அதன் இலையைத் தின்று பார்த்தேன். உடம்பு பஞ்சாய் மிதந்தது. "இன்று ஒரு நாள் மட்டும்" என்றேன். அந்த ஒரு நாள் நான்கு மழைக்காலம் நீடித்தது.

பிறகு மரங்கள் என்னைப் பற்றிக் கிசுகிசுக்கத் தொடங்கின.

"செம்பி, இந்த மரங்கள் என்னைத் திட்டுகின்றன!" என்றேன் என் தோழியான மானிடம்.

"அது காற்றடா" என்றாள் செம்பி.

"ஓகோ! நீயும் அவர்கள் கட்சியா?"

அன்று முதல் அவள் எத்தனை முறை காதை ஆட்டுகிறாள் என்று எண்ணினேன். ஏதோ ரகசிய சைகையாம்! அவள் ஈ ஓட்டுகிறாள் என்பது இந்த மேதைக்குத் தோன்றவில்லை. ஓர் அணிலையும் ஒற்றன் என்று துரத்தினேன்.

ஒரு காலையில் புதருக்குள் புலி தெரிந்தது. அன்று ஏற்கெனவே ஏழு புலிகளைப் பார்த்திருந்தேன். ஏழும் வெறும் புதர்கள். "எட்டாவது முறையும் ஏமாறுவேனா?" என்று என்னையே மெச்சிக்கொண்டு அத்திப்பழம் தின்றேன்.

புலி பாய்ந்தது. செம்பி துள்ளி விலகினாள். உயிர் தப்பியது, ஆனால் பின்னங்கால் கிழிந்தது. எல்லா மான்களும் ஓடி மறைந்த பிறகு நான் கத்தினேன், மிகுந்த கடமை உணர்வோடு.

மறுநாள் செம்பி நொண்டிக்கொண்டு வந்தாள். "பார்த்தும் ஏன் குரல் கொடுக்கவில்லை?"

"நிஜப் புலி என்று தெரியவில்லை."

வழக்கம்போல் சிரித்து மழுப்பப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

"செம்பி, என் கண்ணையும் காதையும் நானே நம்ப முடியவில்லை. பயமாக இருக்கிறது. காவலுக்கு வேறு யாரையாவது வைத்துக்கொள்."

அவள் குனிந்து கிழிந்த காலை நக்கிக்கொண்டாள். பிறகு, "கீழே இறங்கி வா. எங்களோடு இரு. ஏதாவது கேட்டால் உடனே என்னிடம் சொல்" என்றாள்.

இலையை விட்டேன். பல நாள் தூக்கம் இல்லை. கண்ணில் பட்டவர் மீதெல்லாம் எரிந்து விழுந்தேன். குரல்கள் மெல்லக் குறைந்தன. முழுதும் போகவில்லை. உச்சிக் கிளையில் இப்போது என் தங்கை காவல் இருக்கிறாள்.

"செம்பி, யாராவது என்னைக் கூப்பிட்டார்களா?" என்று இன்றும் கேட்பேன்.

"இல்லை" என்பாள், புல்லிலிருந்து தலை தூக்காமல். பிறகு நொண்டி நொண்டி அடுத்த புல்லுக்கு நகர்வாள்.

நீதி: போதை பழகப் பழக, நிஜம் எது என்று காட்டும் புத்தியே பழுதாகும்; அதை உணர்ந்தவுடன் வெட்கப்படாமல் உதவி கேட்க வேண்டும்.