சுவருக்குள் செத்த எலி

அன்று காலை, இல்லத்தின் கடைசி அறையில் இருந்தவர்கள் மூவர். மலையடிவாரத்துத் தொழுநோய் இல்லத்தை நாற்பது ஆண்டுகளாக நடத்திவந்த மருத்துவர் மரியசூசை. நகரத்து மருத்துவமனையை விட்டுவிட்டு அவரிடம் கற்க வந்த மருத்துவர் நாச்சியார், வயது நாற்பத்தாறு. அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் பணியிலிருந்த ஆவுடையப்பன், நோயாளி. நான்காமவர் ஆவுடையப்பனின் மனைவி கோமதி. அவர் அறையில் இல்லை. உள்ளே வர அனுமதியின்றி, வெளிவாயிலுக்கு அப்பால் தூக்குவாளியுடன் நின்றிருந்தார்.

மரியசூசை தன் கண் அறுவை சிகிச்சைக்காகப் பத்து நாட்கள் வெளியூர் சென்றிருந்தார். அன்று காலைதான் திரும்பினார்.

"இவரை ஏன் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கீங்க, டாக்டரம்மா?"

"நோய் திரும்பிருச்சு ஐயா. பன்னிரண்டு மாச மருந்து முடிஞ்சு நாலு மாசம்தான் ஆகுது. பழைய தேமல் எல்லாம் சிவந்து வீங்கிருச்சு. அதே மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சிருக்கேன்."

"தனி அறை எதுக்கு?"

"மத்தவங்களுக்குப் பரவிடக் கூடாதுன்னு."

மரியசூசை நோயாளியின் அருகில் கட்டிலிலேயே அமர்ந்தார். ஆவுடையப்பன் சற்று ஒதுங்கினார். பத்து நாட்களில் அது அவருக்குப் பழகியிருந்தது.

"எப்படி இருக்கீங்க?"

"இந்த அறைக்குப் பின்கோடு கிடையாது ஐயா. அதனால ஒருத்தரும் வரல. சாப்பாடு மட்டும் ஜன்னல் வழியா வரும். கொடுத்த கையைப் பார்க்கிறதுக்குள்ள கை போயிரும்."

"பேச்சுத் துணைக்கு?"

"ஒரு பல்லி இருந்துச்சு. முந்தாநாள் அதுவும் மாற்றல் வாங்கிட்டுப் போயிருச்சு."

மரியசூசை சிரித்தார். நாச்சியார் சிரிக்கவில்லை.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை காலையில், தேநீருக்கு முன், ஒவ்வொருவரின் விரலிடுக்கிலும் ஒரு தாளை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, மருத்துவர் அதை இழுத்துப் பார்ப்பார். நரம்பு தளர்ந்தால் முதலில் தாளுக்குத்தான் தெரியும். நோயாளிக்குப் பிறகே தெரியும்.

மரியசூசை ஒரு தாளை நீளமாகக் கிழித்தார். ஆவுடையப்பனின் இடக்கைச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வைத்து இழுத்தார். பிடி உறுதியாக இருந்ததால் தாள் கிழிந்தது.

மற்றொரு தாளை வலக்கையில் வைத்தார்.

"இறுக்குங்க."

"இறுக்கிட்டேன் ஐயா."

தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. மீண்டும் வைத்தார். மீண்டும் வந்தது.

ஆவுடையப்பன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையாலதான் ஐயா கடிதம் பிரிக்கிறேன். ஒண்ணாந் தேதி வேலையில சேரணும். அதுக்கு மேல லீவு இல்ல."

முழங்கையின் உட்புறத்தை மரியசூசை விரலால் மெல்லத் தடவினார். ஆவுடையப்பன் பல்லைக் கடித்தார். அங்கே நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது.

"போன திங்கட்கிழமை இவருக்குத் தாள் பிடிச்சது யாரு?"



"யாருமில்ல ஐயா. யாரும் தொட வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"தோலைக் கீறி எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கிருமி இருந்துச்சு."

"முழுசாவா?"

"இல்ல. உடைஞ்சு, துண்டு துண்டா."

"ஒண்ணாவது முழுசா இருந்ததா?"

"இல்ல."

"அப்போ செத்தது."

"அப்படின்னு எப்படி ஐயா நம்புறது? வீக்கம் இருக்கு. சூடு இருக்கு. வலி இருக்கு. எதிரியே இல்லாம சண்டை நடக்குமா?"

மரியசூசை கிழிந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எங்க தெருவுல ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருத்தர் இருந்தார். தனி ஆள். வீட்டுல எலி வந்துச்சு. மருந்து வச்சார். எலி செத்துருச்சு. ஆனா சுவர் இடுக்குல போய்ச் செத்துருச்சு."

"சரி ஐயா."

"மறுநாள் நாற்றம். அவர் என்ன நினைச்சார்? எலி இன்னும் இருக்குன்னு நினைச்சார். கடப்பாரையை எடுத்துச் சுவரை இடிச்சார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, 'சார், செத்த எலி அது, நாலு நாள்ல காஞ்சுரும்'னார். 'நாற்றம் வருதே, உமக்கு மூக்கு இல்லையா'ன்னு இவர் கேட்டார்."

ஆவுடையப்பன் புன்னகைத்தார். "தாசில்தார்னா கேட்கத்தான் செய்வார்."

"கரண்டு ஒயர் அந்தச் சுவருக்குள்ளதான் போச்சு. ரெண்டாவது நாள் அதுவும் அறுந்துச்சு. வீடே இருட்டாச்சு. இருட்டுல எலி ஓடுற சத்தம் கேட்குதுன்னு அடுத்த சுவருக்குப் போனார்."

"கடப்பாரையைப் பிடுங்கியிருக்கலாமே ஐயா," என்றார் ஆவுடையப்பன்.

"பிடுங்கலாம்," என்றார் நாச்சியார். "பிடுங்கின அன்னைக்கு உண்மையிலேயே ஒருத்தன் உள்ளே ஒளிஞ்சிருந்தா? நகரத்துல ஒரு பையனுக்கு மூட்டு வீக்கம்னு ஸ்டீராய்டு கொடுத்தேன். நெஞ்சுக்குள்ள காசநோய் பதுங்கியிருந்தது எனக்குத் தெரியல. உடம்பு அதைச் சுத்திச் சுவர் கட்டி அடைச்சு வச்சிருந்துச்சு. நான் கொடுத்த மருந்துல காவல் அசந்துருச்சு. அது வெளியே வந்துருச்சு. அவன் பிழைக்கல. இருபத்தெட்டு வயசு."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஒன்பது."

"அதுக்கப்புறம் எத்தனை பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்தீங்க?"

"ஒருத்தருக்கும் இல்ல."

வாயிலுக்கு அப்பால் தூக்குவாளியின் மூடி ஒருமுறை ஒலித்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இவருக்கு நெஞ்சுப் படம் எடுத்தீங்களா?"

"எடுத்தேன். சளியும் பார்த்தேன். ரெண்டும் சுத்தம்."

"பழைய மாத்திரையை நிறுத்துங்க. அடிக்கிறதுக்கு உள்ளே ஆள் இல்ல. செத்த கிருமியோட உடம்புதான் சண்டை போடுது, அதுல நரம்பு கெடுது. ஸ்டீராய்டு இன்னைக்கே தொடங்கணும். முதல்ல முழு அளவு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, ஆறு மாசம். இடையில சட்டுன்னு நிறுத்தக் கூடாது. கையை அசையாம கட்டி வைங்க. தாள் தினமும் பிடிக்கணும்."

நாச்சியார் எழுதிக்கொண்டார். இரண்டு சொற்களை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பிறகு மருந்து அலமாரிக்குச் சென்று மாத்திரைகளை எடுத்துவந்தார். கையுறை அணியாமல் அவற்றை ஆவுடையப்பனின் இடக்கையில் வைத்தார்.

"கை திரும்புமா டாக்டரம்மா?"

நாச்சியார் மரியசூசையைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க," என்றார் மரியசூசை. "கேள்வி உங்களுக்கு."

"பத்து நாள் முன்னாடி கேட்டிருந்தா, திரும்பும்னு சொல்லியிருப்பேன்," என்றார் நாச்சியார். "இன்னைக்குத் தெரியல. நோய் திரும்பி வரல. நான்தான் தப்பாக் கணிச்சேன். உங்களை இங்கே வச்சிருக்கவே தேவையில்ல."

ஆவுடையப்பன் மாத்திரைகளை வாயிலிட்டார். வலக்கையால் தம்ளரை எடுக்க முயன்றார், அது சரிந்தது. இடக்கையால் எடுத்துக் குடித்தார். தம்ளரை ஓசையின்றிக் கீழே வைத்தார்.

நாச்சியார் மெல்லக் கேட்டார்.

"சண்டை முடிஞ்சு போச்சுன்னு உடம்புக்கு யார் ஐயா போய்ச் சொல்றது?"

"யார் சொன்னாலும் அது கேட்காது," என்றார் மரியசூசை. "ஓங்கின கையைப் பிடிச்சுக்கிட்டு, அது தானா இறங்குற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும். எட்ட நின்னு யாரும் கையைப் பிடிச்சது கிடையாது."

ஆவுடையப்பன் எழுந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். நாச்சியார் கதவருகிலிருந்து விலகி வழிவிட்டார். ஆவுடையப்பன் அவரைப் பார்க்கவில்லை. அறையை விட்டு, கோமதி நின்றிருந்த வெளிவாயிலை நோக்கி நடந்தார்.